மூன்றாவது ஃபேன்

விஜயராணிக்குப் பேசப் பிடிக்காது. இது ஒரு குற்றமா என்று கேட்டால், நூலகத்துறையில் போன தலைமுறை வரைக்கும் இது ஒரு தகுதி. ‘சத்தம் போடாதீர்கள்’ என்று சுவரில் எழுதி வைத்துவிட்டு அதன் கீழே உட்கார்ந்திருப்பவளே லொடலொடவென்று பேசினால் யார் மதிப்பார்கள்? ஸ்ரீரங்கத்தில் ரேஷன் கடைக்கு மேல்மாடியில், ஒரு ஹாலும் ஒரு தடுப்பறையுமாக இருந்த அந்தச் சின்ன நூலகத்தில் அவள் பல வருஷமாக வாயைத் திறக்காமலே காலத்தை ஓட்டிவிட்டாள். வருகிறவரின் முகத்தைப் பார்ப்பாள், எழுந்து போவாள், அவர் தேடும் புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பாள். அதோடு சரி.

அவளுடைய பேச்செல்லாம் காட்டூர் வீட்டிலேயே தீர்ந்துவிடும். மாமியாருக்கு நினைவு தப்பிப் போய்விட்டது. “மணி என்னம்மா ஆச்சு?” என்பார். சொல்ல வேண்டும். அரிசியைக் களைந்து குக்கரில் வைப்பதற்குள் மறுபடியும் “மணி என்னம்மா ஆச்சு?” என்பார். பதில் வராவிட்டால் குழந்தை மாதிரி அழுவார். கணவன் லக்ஷ்மணனுக்குத் துவாக்குடிப் பக்கம் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை, வந்தால் தூங்கத்தான் நேரம் இருக்கும். ஆகையால் கேள்வி அத்தனையும் இவள் தலையில். காட்டூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு, சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் என்று பஸ் மாறி வந்து நாற்காலியில் உட்காரும்போது, யாரும் எதுவும் கேட்காத கொஞ்ச நேரம் கிடைத்தால் போதும் என்றிருக்கும் அவளுக்கு.

அதற்கும் ஒருவர் உலை வைத்தார். ஸ்ரீரங்கராஜன் என்று பேர், பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆள் தங்கம்தான், ஆனால் தலையங்கத்தைப் படித்து முடித்ததும் அதைப் பற்றி யாரிடமாவது பேசியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு செரிக்காது. கவுண்டருக்கு வந்து, “பார்த்தேளா, இந்த காவேரி விஷயத்துல என்ன எழுதியிருக்கான்?” என்று ஆரம்பிப்பார். விஜயராணி அவர் முகத்தைப் பார்ப்பாள், தலையை ஆட்டுவாள், புத்தக முதுகில் எண் ஒட்டுகிற வேலைக்குத் திரும்பிவிடுவாள். மனிதர் எத்தனை நாள்தான் பொறுப்பார்? ‘நூலகர் வாசகர்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, கருங்கல்லாக உட்கார்ந்திருக்கிறார்’ என்று மேலிடத்துக்கு ஒரு மெயில் தட்டிவிட்டார்.

மேலிடத்திலிருந்து அன்புச்செல்வன் என்ற அதிகாரி போனில் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, குரலில்கூட ஒரு சங்கடம் இருந்தது.

“ஒரு ட்ரெய்னிங் இருக்கும்மா, போயிட்டு வாங்க. அப்புறம் நானே ஆய்வுக்கு வருவேன். அப்பவும் வாசகர்கள் குறை சொன்னா, என் கையில ஒண்ணுமில்ல. வையம்பட்டியில ஆள் இல்லாம கிடக்கு, அங்கதான் போடுவாங்க.”

வையம்பட்டி என்றால் திண்டுக்கல் ரோட்டில் அந்தக் கோடி. இருட்டோடு கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. பகலில் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம் இருக்கமாட்டாள், அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. லக்ஷ்மணனுக்கு ராத்திரி ஷிப்ட் வந்தால் அந்தக் கிழவி பூட்டிய வீட்டுக்குள் யாரிடம் மணி கேட்பார்? விஜயராணி போனை வைத்துவிட்டு, ட்ரெய்னிங்குக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தாள்.

ட்ரெய்னிங் திருச்சியில் ஒரு ஏ.சி. ஹாலில். ஹரிபிரசாத் என்று ஒரு இளைஞர் காதோடு மைக் மாட்டிக்கொண்டு மேடையில் அங்குமிங்கும் நடந்தார். உலகத்தில் மனிதர்கள் நாலே வகையாம்: மணி, ஊற்று, தராசு, பாறை. மணி சும்மா இருக்கமாட்டார், அடித்துக்கொண்டே இருப்பார். ஊற்று எல்லோரிடமும் அன்பைப் பொழிவார். தராசு எதையும் எடை போட்டுப் பார்ப்பார். பாறை பேசமாட்டார். கேள்வித்தாள் ஒன்று கொடுத்து எல்லோரையும் டிக் அடிக்கச் சொன்னார். விஜயராணிக்கு என்ன வந்திருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா? சாம்பல் நிற பேட்ஜைக் குத்திவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைதிலி என்ற பெண்ணுக்கு நீல பேட்ஜ், ஊற்று. அந்தப் பெண் ஹாலில் இருந்த அத்தனை பேரையும் சாப்பாட்டு இடைவேளைக்குள் சிநேகம் பிடித்து, கடைசியில் முதல் பரிசும் வாங்கிக்கொண்டு போனது.

“பாறைகள் கவலைப்பட வேண்டாம்,” என்றார் ஹரிபிரசாத். “நாளையிலேர்ந்து மூணே மூணு விஷயம். வர்றவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. என்ன வேணும்னு வாய்விட்டுக் கேளுங்க. என்ன குறை சொன்னாலும் உடனே தீர்த்து வைங்க. பேசாதவங்களோட தேவை யாருக்கும் தெரியாது, ஞாபகம் வெச்சுக்கங்க.”

விஜயராணி அதை ஞாபகம் வைத்துக்கொண்டாள். வையம்பட்டி கண் முன்னால் நின்றதே.

மறுநாளே ஆரம்பித்தாள். “வாங்க ஸ்ரீரங்கராஜன் சார், சௌக்கியமா இருக்கீங்களா?” என்று கேட்டதும் அவர் படியிலேயே நின்றுவிட்டார். அப்புறம் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு காவேரியில் ஆரம்பித்து முட்டிவலி வரைக்கும் வந்தார். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்க வரும் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அதுகள் என்ன தப்புப் பண்ணினோமோ என்று முழித்தன. மத்தியானத்துக்குள் அவளுக்குத் தாடை வலித்தது. சிரித்துச் சிரித்துக் கன்னம் இழுத்துக்கொண்டது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள், மெல்லக்கூடத் தெம்பில்லை.

இதில் ஒரே ஒருவரிடம் மட்டும் அவளுக்குத் தயக்கம். தைரியராஜ்.

அவர் தினமும் பத்து மணி வாக்கில் வருவார். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர் என்று உறுப்பினர் அட்டை போடும்போது தெரிந்தது, அதற்கு மேல் எதுவும் தெரியாது. எந்த வெயிலிலும் கழுத்தில் ஒரு மஃப்ளர். படிக்கிற பிள்ளைகள் பேப்பரைப் பிய்த்துப் பங்கு போடுவதற்கு முன்பே விஜயராணி ஒரு தமிழ் பேப்பரை எடுத்துக் கவுண்டருக்கு அடியில் வைத்துவிடுவாள். அவர் வந்து நின்றதும் நீட்டுவாள். அவர் தலையசைத்து வாங்கிக்கொண்டு மூன்றாவது ஃபேனுக்கு அடியில் போய் உட்காருவார். போகும்போது பேப்பரைக் கடையிலிருந்து வந்த மாதிரியே மடித்து மேஜையில் வைத்துவிட்டு, மறுபடி ஒரு தலையசைப்பு. வருஷக்கணக்காக இதுதான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அவளுடைய ஒரு நாளில் மனசுக்கு நிம்மதியான நேரமே அதுதான்.

அந்த மூன்றாவது ஃபேனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிரீச், டக், கிரீச், டக் என்று அது போடும் சத்தத்தில் அதன் அடியில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். இந்த மனிதர் மட்டும் அங்கேதான் போய் உட்காருவார். மற்ற இடமெல்லாம் காலியாக இருந்தாலும் அங்கேதான். பட்டறைச் சத்தத்தில் காது மரத்துப் போயிருக்கும் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதில் அவள் கெட்டிக்காரி.

ட்ரெய்னிங் முடிந்த அந்த வாரத்தில் அவரிடமும் வாயைத் திறந்தாள். “வாங்க தைரியராஜ் சார். வேற ஏதாவது வேணுங்களா?” என்றாள். அவர் திடுக்கிட்டுப் போனார். கை தானாக மஃப்ளருக்குப் போயிற்று. இல்லை என்று தலையாட்டிவிட்டு, பேப்பரை வாங்கிக்கொண்டு வழக்கத்தைவிட வேகமாக நடந்தார். சரி, இவரும் என்னைப்போல ஒரு பாறை, இவரைக் கொஞ்சம் விட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

ஆய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஹால் நிறைந்திருந்த நேரத்தில், ஹரிபிரசாத் சொல்லிக் கொடுத்தபடி நடுவில் போய் நின்று கேட்டாள். “இங்க யாருக்காவது ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க. உடனே பார்த்துடலாம்.”

கேட்க வேண்டியதுதான் பாக்கி, ஸ்ரீரங்கராஜன் கையைத் தூக்கினார். “குறையா? தலைக்கு மேல கிரீச் கிரீச்னு ஊளையிடறதே, அது காதுல விழலையா உங்களுக்கு? மனுஷன் ஒரு பாரா படிக்க முடியறதில்லை. அந்த ஃபேனைச் சரி பண்ணினா பெருமாள் உங்களை நன்னா வெச்சிருப்பார்.”

“ஆமா மேடம், தாங்கல மேடம்,” என்று பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன.

விஜயராணி ஃபேனுக்கு அடியில் இருந்தவரைப் பார்த்தாள். தைரியராஜ் மேலே ஃபேனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மெல்லத் தலையை ஆட்டினார். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். பாவம், சத்தம் தாங்க முடியவில்லை என்கிறார் போலிருக்கிறது, இத்தனை நாள் நாம் கவனிக்கவில்லையே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கே எலக்ட்ரீஷியன் ரசூலுக்குப் போன் போட்டாள். ரசூல் ஃபேனைக் கழற்றி, தேய்ந்துபோன பேரிங்கை எடுத்துவிட்டுப் புதுசு போட்டு, ஸ்விட்சைத் தட்டினான். ஃபேன் ஓடுவதே தெரியவில்லை. பிள்ளைகள் கை தட்டின. “இதுதாம்மா நிர்வாகம்,” என்றார் ஸ்ரீரங்கராஜன். ஹாலில் பேப்பர் புரட்டுகிற சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. ரொம்ப நாளைக்கப்புறம் அவளுக்கு லேசாகச் சந்தோஷமாக இருந்தது, வையம்பட்டி ஒரு அடி தள்ளிப் போனாற்போல.

மறுநாள் தைரியராஜ் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். மேலே பார்த்தார். கொஞ்ச நேரத்தில் முன் பெஞ்சிலிருந்த பிள்ளை ஒன்று திரும்பி அவரைப் பார்த்தது. இன்னொன்றும் திரும்பியது. அவர் எழுந்து ஜன்னல் ஓரம் போனார். அங்கேயும் உட்கார முடியாதவர் போல உடனே எழுந்தார். பேப்பரை மடிக்காமலே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அதற்கடுத்த நாள் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. விஜயராணி தினமும் பேப்பரை எடுத்துக் கவுண்டருக்கு அடியில் வைத்தாள், சாயங்காலம் யாரும் தொடாத அதை அப்படியே எடுத்துப் பழைய பேப்பர்க் கட்டோடு சேர்த்தாள்.

நான் பேசினதுதான் காரணம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா, பேர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன வேணும் ஏது வேணும் என்று அந்த மனிதரை விரட்டிவிட்டேனே என்று பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு மருகினாள். கொள்ளிடத்துக்கும் காவேரிக்கும் நடுவில் அவளுக்கென்று இருந்த ஒரே ஒரு பேச்சில்லாத சிநேகிதம் அது. அதையும் கெடுத்துக்கொண்டாயிற்று.

பொறுக்க முடியாமல் ஒருநாள் மதியம் உறுப்பினர் அட்டைக்கு அவர் கொடுத்திருந்த முகவரியைப் பார்த்து வீரேஸ்வரம் போனாள். அவருடைய மனைவி கதவைத் திறந்தார். நூலகத்திலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மலர்ந்து உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“அவரு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்காரும்மா. இப்பல்லாம் அங்கதான் போயி உக்காந்துக்கிறாரு.”

“லைப்ரரிக்கு ஏங்க வர்றதில்ல? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?”

“ஐயையோ, உங்கள ஒண்ணும் சொல்லலம்மா.” அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கினார். “அவருக்குத் தொண்டையில கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா? கழுத்துலதான் ஓட்டை. மூச்செல்லாம் அது வழியாத்தான். அமைதியான எடம்னா உஸ்ஸு உஸ்ஸுன்னு நாலு பேருக்குக் கேக்கும். சர்ச்சுல கேட்டுச்சு, அங்க போறத விட்டுட்டாரு. உள்ள ஒரு வால்வு வெச்சிருக்காங்க, ஓட்டைய விரலால அடைச்சுக்கிட்டா பேச்சு வரும், ஆனா தகரத்தச் சொரண்டுற மாதிரி இருக்கும். அதக் கேட்டுப் பேத்தி பயந்து அழுதிருச்சு. அன்னைலேர்ந்து எங்கிட்டகூடப் பேசுறதில்ல, எழுதிக் காட்டுவாரு, இல்லாட்டி சைகைதான்.”

விஜயராணி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

“உங்க லைப்ரரியில ஒரு ஃபேன் சத்தம் போடுமாமே. அதுக்கடியில உக்காந்தா மூச்சுச் சத்தம் யாருக்கும் கேக்காதாம். அங்க இருக்கற அம்மாவும் எதுவும் கேக்கமாட்டாங்க, பேப்பரைக் கையில குடுத்துருவாங்கன்னு எழுதிக் காட்டுவாரு. மனுஷன் வீட்ட விட்டு வெளிய போனதே அதுக்காகத்தான். இப்ப ஃபேனைச் சரி பண்ணிட்டாங்களாம். பிள்ளைங்க திரும்பித் திரும்பிப் பாத்துச்சுங்களாம். பஸ் ஸ்டாண்டுல சத்தம் இருக்குல்ல, அதான் அங்க போயிடறாரு.”

அன்றைக்கு அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. வேண்டாம், அதைத் தொடாதீர்கள் என்று அந்த மனிதர் கெஞ்சியிருக்கிறார். ஹால் பூராவும் குறை கேட்டாளே, வாயால் சொன்னவர்களின் குறை மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. காப்பி கொடுத்தார்கள், குடித்தாள். என்ன ருசி என்று தெரியவில்லை.

திரும்பும் வழியில் ஸ்ரீரங்கம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தாள். தூணோரமாகச் சிமெண்டுத் திண்டில், டீசல் புகைக்கும் ஹாரன் சத்தத்துக்கும் நடுவில், கையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார். வெயில் முட்டியில் விழுந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்தில் போகவில்லை. நூலகத்துக்கு வந்ததும் ரசூலைப் போனில் கூப்பிட்டாள்.

“ரசூல், அந்த மூணாவது ஃபேனைப் பழையபடி சத்தம் போட வைக்க முடியுமா?”

“என்னக்கா சொல்றீங்க? நல்லாத்தானே ஓடுது?”

“நல்லாத்தான் ஓடுது. அதான் வேணாம்ங்கறேன்.”

“ஃபேனைச் சரி பண்ணச் சொல்லித்தான்க்கா கூப்பிடுவாங்க. கெடுத்துக் குடுன்னு கேக்கற மொத ஆளு நீங்கதான்.” ஆனாலும் வந்தான். நல்லவேளை, பழைய பேரிங்கைப் பழைய இரும்புக்குப் போடாமல் பைக் டப்பாவிலேயே வைத்திருந்தான். நூலக நேரம் முடிந்த பிறகு அதையே திரும்ப மாட்டி ஸ்விட்சைப் போட்டான். கிரீச், டக். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. “தாயி, நான்தான் பண்ணேன்னு வெளிய சொல்லிராதீங்க,” என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

அவளுக்குத் தெரியாதா என்ன, ஆய்வு அடுத்த வாரம்? ஸ்ரீரங்கராஜன் சும்மா விடுவாரா? ராத்திரியெல்லாம் மாமியாருக்கு மணி சொல்லிக்கொண்டே அதையும் யோசித்துப் பார்த்தாள். வையம்பட்டி. பூட்டிய வீடு. அலுப்பாக வந்தது. ஆனால் பஸ் ஸ்டாண்டில் அந்த வெறுங்கையை நினைத்தால் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு பேப்பர் வாங்கிக்கொண்டு நேரே அவரிடம் போனாள். நீட்டினாள். அவர் எழுந்து நின்றார், கை மஃப்ளருக்குப் போயிற்று. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. விரலை மேலே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். அப்புறம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தோள் இரண்டும் குலுங்கின. சத்தமே இல்லாத சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண் இருவரையும் ஒருமாதிரி பார்த்தாள், பார்த்தால் பார்க்கட்டும்.

பத்து மணிக்கு அவர் தன் இடத்தில் இருந்தார்.

ஸ்ரீரங்கராஜன் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பேப்பரைப் பொத்தென்று போட்டார். “என்னம்மா இது, மறுபடியுமா?” என்றார். “ரிப்பேர் சார்,” என்றாள் விஜயராணி. அதற்கு மேல் அவர் எத்தனை கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை. மெயில் போட்டவர் மறுபடி அந்தக் கருங்கல்லைப் பார்த்துவிட்டார். சரி, வரட்டும் அதிகாரி என்று பொருமிக்கொண்டே உட்கார்ந்தார்.

அதிகாரி அன்புச்செல்வன் வந்தார். பிள்ளைகளைக் கேட்டார். “மேடம் இப்பல்லாம் நல்லாப் பேசுறாங்க சார், பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க,” என்றன. அவர் முகம் தெளிந்தது. ட்ரெய்னிங் வேலை செய்திருக்கிறது என்று சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தோடு படியிறங்கிப் போயிருக்கலாம். ஸ்ரீரங்கராஜன் எழுந்தார்.

“சார், ஒண்ணு சொல்லணும். இந்த ஃபேன் சத்தம் போட்டுண்டிருந்தது. நான் சொல்லி, சரி பண்ணினா. வாஸ்தவம், அதுக்கு நான் பாராட்டினேன். இப்போ திரும்பவும் கெடுத்து வெச்சிருக்கா. தானாக் கெடலை சார், சாயங்காலம் வரைக்கும் நன்னா ஓடித்து, ராத்திரிக்கு ராத்திரி இப்படி ஆயிருக்கு. கீழ ரேஷன் கடைப் பையன் ஆள் வந்து கழட்டி மாட்டினதைப் பார்த்திருக்கான். ஏன்னு கேட்டா பதிலே இல்லை.”

அன்புச்செல்வன் அண்ணாந்து பார்த்தார். கிரீச், டக். “உண்மையாம்மா?”

“ஆமா சார்.”

“நல்லா ஓடின ஃபேனை நீங்களே ஆள் வெச்சுக் கெடுத்தீங்களா?”

“ஆமா சார்.”

“ஏன்?”

இந்த இடத்தில்தான் அவள் பேசியிருக்க வேண்டும். ட்ரெய்னிங்கில் படித்த வாய்தானே. ஆனால் என்ன சொல்வது? அந்த ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாரே ஒரு மனிதர், அவர் கழுத்தில் ஓட்டை, அவர் மூச்சு யாருக்கும் கேட்கக்கூடாது என்று இத்தனை பேர் நடுவில் சொல்வதா? அதைச் சொன்னால் அவள் தப்பித்துவிடுவாள். அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார். விஜயராணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பதில் சொல்லுங்கம்மா. உங்க மேல வந்த புகாரே நீங்க பதில் சொல்றதில்லங்கறதுதான். இப்பவும் நின்னுட்டிருந்தா நான் என்னன்னு எழுதறது?”

வையம்பட்டி வந்து எதிரில் நின்றுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. போனால் போகிறது என்றிருந்தது.

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. தைரியராஜ் எழுந்து நின்றார். மஃப்ளரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, கழுத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டார். விஜயராணி வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

“ஃபேன்... எனக்கு.” தகரத்தைச் சுரண்டுகிற அந்தக் குரலில் ஹால் முழுக்கத் திரும்பியது. ஒரு பெண் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. “என் மூச்சு... கேக்கக்கூடாதுன்னு. அந்தம்மா... எனக்காக.” மேலும் ஏதோ சொல்ல வந்தார், இருமல் வந்துவிட்டது. உடம்பு குலுங்க, காற்று அந்த ஓட்டை வழியாகச் சீறிக்கொண்டு வந்தது. மஃப்ளரை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து, பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

மேலே கிரீச், டக் என்று அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. “சரிங்க, சரிங்க, நீங்க படிங்க,” என்று அன்புச்செல்வன் யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். ஸ்ரீரங்கராஜன் நின்ற இடத்திலேயே நின்றார்.

அதற்காக அரசாங்கம் உருகிவிடுமா? ஸ்ரீரங்கராஜன் அன்றைக்கே இன்னொரு மெயில் போட்டார், புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்று. அது போகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, யார் படித்தார்கள், ஒன்றும் தெரியாது. பழுது நீக்கிய பொருளை மறுபடியும் பழுதாக்கியது கோப்பில் ஏறிவிட்டது, ஏறியதை இறக்க ஆளில்லை. அன்புச்செல்வன் தன்னால் முடிந்ததைச் செய்தார். வையம்பட்டி என்றிருந்ததை லால்குடி என்று மாற்றி வாங்கிக் கொடுத்தார். “பொழுதோட வீட்டுக்கு வந்துடலாம்மா,” என்றார் போனில். பொன்னுத்தாயிடம் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்படி கெஞ்ச வேண்டும். காட்டூரிலிருந்து சத்திரம், சத்திரத்திலிருந்து லால்குடி. வழி அதேதான், கொள்ளிடத்தைத் தாண்டிப் போக வேண்டும், அவ்வளவுதான் என்று அவள் தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

பொறுப்பு வாங்கிக்கொள்ள வந்தது யாரென்று நினைக்கிறீர்கள்? அதே மைதிலி, முதல் பரிசு ஊற்று. படியேறும்போதே எல்லோருக்கும் குட் மார்னிங் சொல்லிக்கொண்டு வந்தது. நல்ல பெண், அதில் சந்தேகமில்லை. சாவிகளை வாங்கிக்கொண்டது, அலமாரிகளைப் பார்த்தது, ஹால் நடுவில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தது.

“ஐயோ, என்ன மேடம் இந்த ஃபேன்? இதுக்கு அடியில ஒரு சார் வேற உக்காந்திருக்காங்க. இன்னைக்கே ஆள் கூப்பிட்டுச் சரி பண்ணிடறேன்.”

விஜயராணி ராத்திரியிலிருந்து இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லலாம். சொன்னால் இந்தப் பெண் இளகி, அவரிடம் போய் ஆறுதலாக நாலு வார்த்தை பேசும். அவருக்கு அதைவிட ஒரு தண்டனை வேண்டுமா? தைரியராஜ் பேப்பரைத் தாழ்த்தாமல் அப்படியே இருந்தார்.

“அதுல கை வைக்கப்படாது.”

சொன்னது ஸ்ரீரங்கராஜன். தலையங்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்போதுதான் விஜயராணி கவனித்தாள், மனிதர் எப்போதும் உட்காரும் வாசலோரத்தை விட்டுவிட்டு மூன்றாவது ஃபேனுக்குப் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்.

“ஏன் சார்?” என்றது மைதிலி. “உங்களுக்குச் சத்தம் தொந்தரவா இல்லையா?”

“இருக்கு,” என்றார் அவர். “இருந்துட்டுப் போறது.”

மைதிலி இன்னும் ஏதோ கேட்கப் போனது. அவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு, கேள்வி முடிந்துவிட்டது என்பதுபோல மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். தலையங்கத்தைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

விஜயராணி கவுண்டருக்கு அடியிலிருந்து சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். அந்த இடத்தை மைதிலிக்குக் கையால் காட்டி, “காலையில ஒரு தமிழ் பேப்பரை இங்க எடுத்து வெச்சிருங்க,” என்றாள். பாதிப் படி இறங்கும் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது, அப்புறம் ரேஷன் கடை வரிசையின் கூச்சலில் கரைந்துவிட்டது. லால்குடி பஸ்ஸைப் பிடிக்க அவள் சத்திரத்துக்குப் பஸ் ஏறினாள்.